சிறுநீரக ஆர்கனாய்டில் மருந்துச் சோதனை: ஓர் அறிமுகம்

ஒரு மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்பது நோயாளியிடம் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. நாம் வழக்கமாகப் பார்ப்பது இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை. வடிகட்டும் திறனில் ஏறத்தாழ பாதி போன பிறகுதான் அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஏறும். சேதம் வந்தபின் கண்டுபிடிப்பதைவிட, மருந்து மனித உடலுக்குள் போகும் முன்பே மனிதச் செல்களில் அதைச் சோதித்துப் பார்த்துவிட முடியுமா? சிறுநீரக ஆர்கனாய்டுகள் இந்தக் கேள்விக்காகத்தான் மருந்து ஆய்வுக்கூடங்களுக்குள் வந்தன.

ஆர்கனாய்டு என்பது, பல வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்தெடுத்த, சில மில்லிமீட்டர் அளவேயான திசுத் துணுக்கு. அதை முழுச் சிறுநீரகம் என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்களின் பகுதிகள் அதில் உருவாகின்றன, அவ்வளவுதான். ஆனால் மருந்துச் சேதத்தில் பெரும்பங்கு நடப்பது நெஃப்ரானின் ஒரு குறிப்பிட்ட பகுதியில். அந்தப் பகுதியின் செல்கள் ஆர்கனாய்டில் இருக்கின்றன என்பதால்தான் இந்த முயற்சிக்கே அர்த்தம் வருகிறது.

எந்தப் பகுதி, ஏன்?

ஓய்வில் இருக்கும்போது இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியை எல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. உறிஞ்சும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது அண்மைச் சுருள் நுண்குழல். இனி அதைச் சுருக்கமாக அண்மைக் குழல் என்போம்.

இரத்தத்திலிருந்து மருந்துகளைப் பிடித்துச் சிறுநீருக்குள் தள்ளுவதும் இந்தக் குழல்தான். அதற்கென்றே அதன் செல்களின் சவ்வில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. இவற்றைச் செல்லின் வாசல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரத்தப் பக்கத்தில் ஓஏடி1, ஓஏடி3, ஓசிடி2 என்ற வாசல்கள் மருந்தை உள்ளே இழுக்கின்றன. சிறுநீர்ப் பக்கத்தில் மேட் வகைப் புரதங்கள் அதை வெளியே தள்ளுகின்றன. அதே சிறுநீர்ப் பக்கத்தில் மெகாலின், கியூபிலின் என்ற இரண்டு பெரிய ஏற்பிகள், வடிகட்டலில் தப்பி வந்த புரதங்களைப் பிடித்து உள்ளே கொண்டுபோகின்றன.

உள்ளே இழுக்கும் வேகம் வெளியே தள்ளும் வேகத்தைவிட அதிகமானால் மருந்து செல்லுக்குள் தேங்கும். புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டின் ஓசிடி2 வழியாக நுழைகிறது. எச்ஐவி மருந்தான டெனோஃபோவிரும், சைட்டோமெகலோ வைரஸுக்கான சிடோஃபோவிரும் ஓஏடி1 வழியாக நுழைகின்றன. கிருமிக்கொல்லியான ஜென்டாமைசின் மெகாலினைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் குவிகிறது. சிடோஃபோவிரை நோயாளிக்குத் தரும்போது கூடவே புரோபெனெசிட் மாத்திரை கொடுப்பதன் காரணமும் இதுதான்: அது ஓஏடி வாசலை அடைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறது.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையின் மீதி எளிது. ஆர்கனாய்டில் ஒரு மருந்தைப் போட்டோம், செல் சாகவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மருந்து உண்மையிலேயே பாதுகாப்பானதாக இருக்கலாம். அல்லது வாசல் இல்லாததால் அது உள்ளேயே போகாமல் இருந்திருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத எந்த முடிவுக்கும் மதிப்பில்லை.

விலங்குகள் போதாதா?

பல நேரங்களில் போதும். சில நேரங்களில் மோசமாக ஏமாற்றும். எஸ்பிசி5001 என்ற மருந்து கொழுப்பைக் குறைக்க உருவாக்கப்பட்ட, ஒரு மரபணுவின் செய்தியைத் தடுக்கும் ஆன்டிசென்ஸ் வகை மூலக்கூறு. விலங்குச் சோதனைகளைத் தாண்டி வந்த இந்த மருந்து, ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரகக் காயத்தை உண்டாக்கியது. 2013இல் வெளியான அறிக்கை, பாதிக்கப்பட்ட ஒருவரின் திசுவில் குழல் செல்கள் செத்திருந்ததை உறுதி செய்தது. பின்னாளில் நுண் வாய்க்கால்கள் கொண்ட சிப்பில் வளர்த்த மனித அண்மைக் குழல் செல்களில் அதே மருந்தைச் சோதித்தபோது காயக் குறியீடுகள் ஏறின.

உயிரினத்துக்கு உயிரினம் வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு நம் நாட்டுப் பாறுக் கழுகுகளே சாட்சி. மாட்டுக்கு ஊசி போட்ட டைக்ளோஃபெனாக் மாட்டை ஒன்றும் செய்யவில்லை. அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகளோ சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து மாண்டன. காரணம் 2004இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதைத் தடை செய்தது. ஒரு உயிருக்குச் சாதாரணமான அளவு இன்னொன்றின் சிறுநீரகத்துக்கு எமன்.

அப்படியென்றால் மனிதச் சிறுநீரகச் செல்களைத் தட்டில் பரப்பி வளர்த்தால் ஆகாதா? பல ஆண்டுகளாக அதைத்தான் செய்தார்கள். எச்கே-2 என்ற செல் வகை உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. தட்டையான பிளாஸ்டிக்கில் வளரும்போது இந்தச் செல்கள் ஓஏடி1, ஓசிடி2 போன்ற வாசல்களை இழந்துவிடுகின்றன. டெனோஃபோவிர் போன்ற மருந்து அவற்றுக்குத் தண்ணீர் மாதிரி. நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள் ஓஏடி1 மரபணுவைத் திரும்பச் செருகிய செல் வகையை உருவாக்கியதும் இதைச் சரிசெய்யத்தான்.

வளர்ப்பது எப்படி?

2006இல் கியோட்டோவின் ஷின்யா யாமனாகா எலியின் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் நிலைக்குக் கொண்டுவந்தார். 2007இல் மனிதச் செல்லிலும் அது கைகூடியது. 2012இல் நோபல் பரிசு. அந்த ஸ்டெம் செல்லைச் சிறுநீரகப் பாதையில் செலுத்தும் முறைகள் 2014, 2015இல் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பல இடங்களிலிருந்து வந்தன: குமாமோட்டோ, மெல்போர்ன், பாஸ்டன். இவற்றில் மெல்போர்னில் மினோரு தகாசாதோவும் மெலிசா லிட்டிலும் வகுத்த முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதல் நாளுக்கு முந்தைய மாலை, ஸ்டெம் செல்களைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15,000 என்ற அடர்த்தியில் விதைக்கிறார்கள். மறுநாள், செல்கள் வளரும் திரவமான மீடியத்தில் சிஎச்ஐஆர்-99021 என்ற சிறு மூலக்கூறு 8 மைக்ரோமோலார் அளவில் சேர்கிறது. கருவில் உடலின் பின்பகுதியை உருவாக்கும் வின்ட் சமிக்ஞையை இது தூண்டுகிறது. நான்கு நாள். பிறகு எஃப்ஜிஎஃப்9 என்ற வளர்ச்சிக் காரணி மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம், ஹெப்பாரின் 1 மைக்ரோகிராம், ஏழாம் நாள் வரை.

ஏழாம் நாள்தான் கை நடுங்கக் கூடாத நாள். செல்களைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணி, ஒவ்வொரு குழாயிலும் 5 லட்சம் செல்கள் வரும்படி பிரித்து, மையவிலக்கியில் மெதுவாகச் சுழற்றி உருண்டையாக்குகிறார்கள். வாய் அகன்ற பிப்பெட் முனையால் அந்த உருண்டையை உறிஞ்சி, 0.4 மைக்ரான் துளைகள் கொண்ட வடிதாள் சவ்வின்மேல் வைக்கிறார்கள். மீடியம் சவ்வுக்கு அடியில் மட்டும், மேலே காற்று. மேற்புறம் முழுக்க மீடியம் ஏறிவிட்டால் உருண்டை மிதந்து நகர்ந்துவிடும், ஆக்சிஜனும் குறையும். வைத்தவுடன் 5 மைக்ரோமோலார் சிஎச்ஐஆர், சரியாக ஒரு மணி நேரம். இந்த அதிர்ச்சி நெஃப்ரான் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்கிறது. அதன்பின் எஃப்ஜிஎஃப்9, ஹெப்பாரினுடன் ஐந்து நாள். பிறகு வளர்ச்சிக் காரணி எதுவும் இல்லாத மீடியத்தில் மேலும் பதின்மூன்று நாள். மொத்தம் 25 நாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று விட முடியாது.

சவ்வில் வைத்து பத்துப் பன்னிரண்டு நாளில் சாதாரண நுண்ணோக்கியிலேயே சுருண்ட குழல்களும் நெஃப்ரானின் வடிகட்டியான கிளாமருலஸின் உருண்டை முடிச்சுகளும் தெரியத் தொடங்கும். சாயமேற்றினால் அண்மைக் குழல் எல்டிஎல் என்ற லெக்டினோடு (சர்க்கரையில் ஒட்டும் புரதம்) ஒட்டி ஒளிரும். மெகாலின், கியூபிலின் தென்படும். கிளாமருலஸில் நெஃப்ரின் என்ற புரதம் தென்படும். இவை தெரியாத உருண்டைகளில் மருந்து ஊற்றுவது பணத்தையும் மாதத்தையும் வீணாக்குவது.

எங்கே கெடுகிறது?

முதல் குற்றவாளி பெரும்பாலும் விதைக்கும் அடர்த்தி. செல்கள் குறைவாக இருந்தால் சிஎச்ஐஆரின் தாக்குதலில் உரிந்துபோகும். நெருக்கமாக இருந்தால் நடுவில் உள்ளவை சமிக்ஞையை ஏற்காமல் பின்தங்கும். ஒவ்வொரு ஸ்டெம் செல் வகைக்கும் சரியான அளவு வேறு என்பதால், புதிய வகையைக் கையில் எடுத்தால் முதலில் அடர்த்தியையும் சிஎச்ஐஆர் நாள்களையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் ஒரு தனிச் சோதனை கட்டாயம். அந்த நாள்களைக் கூட்டினால் நெஃப்ரான் தரும் செல்கள் பெருகும். குறைத்தால் சேகரிப்புக் குழல் பக்கம் சாயும்.

அடுத்தது, வேண்டாத விருந்தாளிகள். 2018இல் தனிச்செல் மரபணு வாசிப்பு செய்து பார்த்தபோது, ஆர்கனாய்டுகளில் 10 முதல் 20 சதவீதம் வரை சிறுநீரகத்துக்குத் தொடர்பில்லாத செல்கள் இருந்தன. நரம்புச் செல்கள், தசைச் செல்கள் கூட. அந்த ஆய்விலேயே ஒரு நரம்பு வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுத்து நரம்புச் செல்களில் 90 சதவீதத்தைக் குறைத்தார்கள்.

25 நாள் தாண்டி வைத்திருந்தால் இன்னும் முதிரும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. குழல்களுக்கு நடுவே உள்ள இடையிணைப்புச் செல்கள் பெருகி அவற்றை நெருக்கும். இரத்தக் குழாய் இல்லாததால், பரப்பிலிருந்து 150–200 மைக்ரானுக்கு உள்ளே ஆக்சிஜன் போய்ச் சேர்வது கடினம்; தடித்த ஆர்கனாய்டின் நடுப்பகுதி தானாகவே சாகும். இந்தச் சாவை மருந்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஆகவே மருந்து கொடுக்கும் காலத்தைப் பொதுவாக 18ஆம் நாளுக்கும் 25ஆம் நாளுக்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு செய்தும் ஆர்கனாய்டின் வயது கருவில் உள்ள சிசுவின் வயதுதான். மரபணு வெளிப்பாட்டில் அது கருவின் முதல், இரண்டாம் மும்மாதச் சிறுநீரகத்தை ஒத்திருக்கிறது. விளைவு: ஓஏடி1, ஓசிடி2 வாசல்கள் வளர்ந்த மனிதரிடம் இருப்பதைவிட மிகக் குறைவு. 2022இல் மெல்போர்ன் குழு, ஏழு நாள் கட்டத்தைப் பன்னிரண்டு பதின்மூன்று நாளாக நீட்டி, மீடியத்தையும் மாற்றி, அண்மைக் குழல் செறிந்த ஆர்கனாய்டுகளைப் பெற்றது. அவற்றில் கடத்திகள் கூடுதலாக வேலை செய்தன. நச்சுச் சோதனைக்கு இன்று ஒருவர் புதிதாகத் தொடங்குவதானால் பழைய முறையைவிட இதையே எடுத்துக்கொள்வது சரி.

மருந்து கொடுக்கும் முன்

முதல் வேலை, வாசல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. மரபணு வெளிப்பாட்டை அளந்தால் மட்டும் போதாது. புரதம் சவ்வில் சரியான பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். மெகாலினுக்கு எளிய சோதனை உண்டு: ஒளிரும் சாயம் ஒட்டிய ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தை மீடியத்தில் விட்டு, சில மணி நேரம் கழித்து அது எல்டிஎல் ஏற்கும் குழல்களுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கலாம். ஓஏடிக்கும் ஓசிடிக்கும் அதனதன் ஒளிரும் பொருளைத் தனியாகவும், தடுப்பானோடும் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஓஏடிக்குத் தடுப்பான் புரோபெனெசிட், ஓசிடி2க்கு சிமெட்டிடின். தடுப்பான் சேர்த்தும் ஒளி குறையவில்லை என்றால் அந்தப் பொருள் வாசல் வழியாக வரவில்லை, கசிந்து வந்திருக்கிறது.

இரண்டாவது, கட்டுப்பாட்டு மருந்துகள். கேடு செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றும், செய்யாது என்று தெரிந்த ஒன்றும் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். இதற்கு அருமையான இணை சிஸ்பிளாட்டினும் கார்போபிளாட்டினும். இரண்டும் பிளாட்டினம் மருந்துகள், டிஎன்ஏவைத் தாக்கும் விதமும் ஒன்றே. கார்போபிளாட்டினை ஓசிடி2 அவ்வளவாக ஏற்பதில்லை. நோயாளிகளிடமும் அது சிறுநீரகத்தைக் குறைவாகவே பாதிக்கிறது. உங்கள் ஆர்கனாய்டு இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால், அது சொல்வது பொதுவான செல் நச்சைப் பற்றித்தான்.

மூன்றாவது, கரைப்பான். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஆய்வுக்கூடத்தில் எந்த மருந்தையும் டிஎம்எஸ்ஓ என்ற கந்தகம் கொண்ட கரைப்பானில் கரைப்பது கைப்பழக்கம். சிஸ்பிளாட்டினை அதில் கரைத்தால் கரைப்பானின் கந்தகம் பிளாட்டினத்தோடு பிணைந்து மருந்தை முடக்கிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் செல்கள் நன்றாகவே இருக்கும், அறிக்கையும் தவறாக இருக்கும். 0.9 சதவீத உப்பு நீர்தான் சரி. மருத்துவமனையில் புழங்கும் குப்பி மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது சுமார் 3.3 மில்லிமோலார். 1 மில்லிலிட்டர் மீடியத்தில் 20 மைக்ரோமோலார் வேண்டுமென்றால் 6 மைக்ரோலிட்டர் போதும். குப்பியை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, மருந்து படிகமாகி அடியில் தங்கிவிடும்; வெளிச்சமும் படக் கூடாது.

மீடியம் புட்டியின் லேபிளையும் படியுங்கள். சிறுநீரகச் செல்களுக்கென்று விற்கும் சில மீடியத் தொகுப்புகளில் கிருமித் தடுப்புக்காக ஜென்டாமைசினும் ஆம்போடெரிசின்-பியும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுமே சிறுநீரக நஞ்சு. அந்த மீடியத்தில் வளர்ந்த செல்லை வைத்து நச்சுச் சோதனை செய்வது, ஏற்கெனவே விஷம் குடித்தவரிடம் விஷத்தைச் சோதிப்பது போலாகும்.

அளவு எவ்வளவு?

நோயாளியின் இரத்தத்தில் அந்த மருந்து எட்டும் உச்ச அளவிலிருந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும். அதிலும் புரதத்தில் ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்கைத்தான் எடுக்க வேண்டும். ஒரு மருந்தின் உச்ச அளவு 20 மைக்ரோமோலார், அதில் 95 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்லுக்குக் கிடைப்பது 1 மைக்ரோமோலார்தான். ஆர்கனாய்டு மீடியத்தில் ஆல்புமின் மிகக் குறைவாக இருந்தால், அங்கே 20 மைக்ரோமோலார் ஊற்றுவது நோயாளிக்கு இருபது மடங்கு கொடுப்பதற்குச் சமம். அந்த 1 மைக்ரோமோலாரை நடுவில் வைத்து, கீழே பத்தில் ஒரு பங்கிலிருந்து மேலே நூறு மடங்கு வரை ஆறேழு படிகளில் கொடுத்தால் வளைவு முழுமையாகத் தெரியும்.

எத்தனை நேரம் என்பதும் மருந்தைப் பொறுத்தது. 2015இல் மெல்போர்ன் குழு சிஸ்பிளாட்டினை 5, 20 மைக்ரோமோலார் அளவுகளில் 24 மணி நேரம் கொடுத்தபோதே அண்மைக் குழல் செல்கள் தற்கொலைப் பாதையில் போவது தெரிந்தது. ஜென்டாமைசின் அப்படி இல்லை. நோயாளியிடம் அது நாள் கணக்கில் சிறுநீரகப் புறணியில் சேர்ந்து சேர்ந்துதான் சேதம் செய்கிறது. இரத்தத்தில் அதன் உச்சம் மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். வளர்ப்புத் தட்டிலோ ஓரிரு நாளில் விளைவு காண மில்லிகிராம் கணக்கில் ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்த எண்ணை அப்படியே நோயாளிக்குப் பொருத்தக் கூடாது. தினம் குறைந்த அளவில் ஒரு வாரம் கொடுக்கும் திட்டமே இதற்கு ஏற்றது.

எதை அளப்பது?

எல்லோரும் முதலில் கை வைப்பது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் அளவில். செல் உயிரோடு இருந்தால் ஏடிபி இருக்கும், அது ஒளியாக மாறும், கருவி எண்ணிவிடும். மலிவு, வேகம். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்கனாய்டில் அண்மைக் குழல் செல்கள் 20 சதவீதம் என்றால், மருந்து அவை அத்தனையையும் கொன்றாலும் மொத்த ஏடிபி 80 சதவீதத்தில் நிற்கும். வழக்கமான ஏற்ற இறக்கமே பத்து சதவீதத்தைத் தொடும் சோதனையில் அந்த வீழ்ச்சியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட வாய்ப்பு அதிகம். மேலும், தட்டைச் செல்லுக்கான வினைப்பொருள் உருண்டையின் உள்ளே போய்ச் சேராது. முப்பரிமாணத் திசுவுக்கென்று உள்ள, சவ்வை வலுவாக உடைக்கும் வகையை எடுத்து, நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஏடிபியோடு கிம்-1ஐயும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பாஸ்டனில் ஜோசஃப் பான்வென்டரின் ஆய்வுக்கூடம் 1998இல் அடையாளம் கண்ட புரதம் இது. ஆரோக்கியமான அண்மைக் குழலில் கிட்டத்தட்ட இருக்காது, காயம் பட்டால் சிறுநீர்ப் பக்கச் சவ்வில் முளைக்கும். 2008இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் எலிச் சோதனைகளில் ஏற்றுக்கொண்ட ஏழு சிறுநீர்க் குறியீடுகளில் இதுவும் ஒன்று. ஆர்கனாய்டில் இதை அளப்பதில் ஒரு சிக்கல். கிம்-1 குழலின் உள்வெளியில்தான் உதிரும். ஆர்கனாய்டின் குழல்களுக்கு வெளியே போக வழி கிடையாது. ஆக மீடியத்தில் தேடினால் குறைவாகவே கிடைக்கும். திசுவைச் சீவிச் சாயமேற்றிப் பார்ப்பதோ, அதன் ஆர்என்ஏவை அளப்பதோ நம்பகமானது. எல்டிஎல், கிம்-1, செல் தற்கொலையைக் காட்டும் காஸ்பேஸ்-3 மூன்றையும் ஒரே துண்டில் சாயமேற்றினால் எந்தச் செல் காயப்பட்டது, எந்தச் செல் செத்தது என்று இடத்தோடு தெரியும். சிஸ்பிளாட்டின் என்றால் டிஎன்ஏ முறிவைக் காட்டும் காமா-எச்2ஏஎக்ஸும் சேர்த்துக்கொள்ளலாம். புற்றுநோய் மருந்தான டாக்சோரூபிசின் போன்றவை கிளாமருலஸின் வடிகட்டிச் செல்களான போடோசைட்டுகளையும் தாக்குவதால் அங்கும் கண் வேண்டும்.

எண்ணும் விதத்தில் ஒரு கண்டிப்பு தேவை. ஒரே ஸ்டெம் செல் தொகுதியிலிருந்து ஒரே வாரத்தில் வளர்ந்த பன்னிரண்டு ஆர்கனாய்டுகள், புள்ளியியலில் பன்னிரண்டு அல்ல, ஒன்று. 2019இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு, ஆர்கனாய்டுகளுக்கு இடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு தொகுதிக்குத் தொகுதி வருவது என்றும், அது நெஃப்ரான்களின் முதிர்ச்சியில் உள்ள ஏற்றத்தாழ்வோடு தொடர்புடையது என்றும் காட்டியது. ஸ்டெம் செல்லிலிருந்து தனித்தனியாகத் தொடங்கிய மூன்று தொகுதிகளாவது இல்லாமல் ஒரு மருந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. 96 குழித் தட்டில் செய்பவர்கள் விளிம்புக் குழிகளில் மருந்து போடாமல் உப்புக் கரைசல் நிரப்பி வையுங்கள். விளிம்பில் நீர் ஆவியாகி மருந்து அடர்ந்துவிடும், நச்சு இல்லாததும் நச்சாகத் தெரியும்.

ஆர்கனாய்டு காணாதவை

இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதன் மூலம். கிளாமருலஸுக்கு வரும் தமனியை விரித்துவைக்கும் புரோஸ்டாகிளாண்டினை அவை தடுத்துவிடுகின்றன. இரத்த ஓட்டமே இல்லாத ஆர்கனாய்டுக்கு அது தெரியாது. ஒமெப்ரசோல் போன்றவற்றால் சிலருக்கு வரும் இடையிழை அழற்சி நோயெதிர்ப்புச் செல்களின் வேலை. அந்தச் செல்கள் இங்கே இல்லை. அசைக்ளோவிர் சிறுநீரில் செறிந்து படிகமாகிக் குழலை அடைக்கிறது. ஆர்கனாய்டில் சிறுநீர் செறிவதும் இல்லை, ஓடுவதும் இல்லை.

ஓட்டம் இல்லாத குறையைச் சிப் ஓரளவு தீர்க்கிறது. நுண் வாய்க்கால்களில் செல்லை வளர்த்து மீடியத்தை மெல்ல ஓடவிட்டால், அண்மைக் குழல் செல்கள் உயரமாகி, உறிஞ்சும் பரப்பும் கடத்திகளும் கூடுகின்றன. ஹார்வர்டில் 2019இல் ஆர்கனாய்டுகளையே ஓட்டத்தில் வைத்தபோது இரத்தக் குழாய் வலை பெருகி, முதிர்ச்சியும் கூடியது. வயதுப் பிரச்சினைக்கு இன்னொரு வழி டியூபுலாய்டு. வளர்ந்தவரின் சிறுநீரகத் திசுவிலிருந்தோ, சிறுநீரில் உதிரும் செல்களிலிருந்தோ நேரடியாக வளர்ப்பது. கிளாமருலஸ் கிடைக்காது, ஆனால் குழல் செல்கள் வளர்ந்தவருடையவை.

கல்லீரல் இல்லாததுதான் மிகப் பெரிய குறை என்பது எங்கள் கருத்து. பல பொருள்கள் கல்லீரலில் மாறிய பிறகே சிறுநீரகத்துக்கு நஞ்சாகின்றன. தொழிற்சாலைக் கரைப்பானான டைஎத்திலீன் கிளைக்காலை எடுத்துக்கொள்வோம். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தில் இதைக் கரைப்பானாகக் கலந்ததில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். 2022இல் காம்பியாவிலும், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் இருமல் மருந்து குடித்த குழந்தைகளைக் கொன்றதும் இதேதான். பின்னதைத் தயாரித்த ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. மனித அண்மைக் குழல் செல்களில் இந்தப் பொருளை நேரடியாக விட்டால் செல்கள் சாவதில்லை. கல்லீரலில் அது சிதைந்து உருவாகும் டைகிளைக்காலிக் அமிலத்தை விட்டால் செத்துவிழுகின்றன. கல்லீரல் சேர்க்காத ஆர்கனாய்டு, இத்தனை உயிர்களைக் குடித்த பொருளுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கும். இந்தக் கலப்படத்தைப் பிடிக்க ஆர்கனாய்டு தேவையும் இல்லை: மூலப்பொருள் வந்திறங்கும்போதே வாயு குரோமட்டோகிராஃபி செய்தால் பிடிபடும். செய்யாமல் விட்டதற்கு அறிவியலைக் குறை சொல்ல முடியாது.

அரிஸ்டோலோக்கிக் அமிலமும் அப்படித்தான். 1990களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகங்களை இது அழித்தது. நம் ஊர் ஆடுதின்னாப்பாளையிலும் இந்த அமிலம் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லீரல் சிப்பின் வழியாக ஓடிய மீடியத்தைச் சிறுநீரக சிப்புக்குள் விட்டபோது, நேரடியாகக் கொடுத்ததைவிடச் சேதம் கூடியது. சிப் வசதி இல்லாத இடங்களில், மருந்தைக் கல்லீரல் செல்களோடு சில மணி நேரம் வைத்து, அந்த மீடியத்தை ஆர்கனாய்டுக்கு மாற்றுவது முதல் கட்டத் தேடலுக்கு உதவும். கல்லீரல் செல் மட்டும் தொட்ட, மருந்து சேராத மீடியத்தையும் ஒரு கட்டுப்பாடாக வைக்க மறக்கக் கூடாது.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது?

2022 டிசம்பரில் அமெரிக்கா, புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்றிருந்த சட்டவாசகத்தைத் தளர்த்தி, செல் சார்ந்த முறைகளையும் சிப்புகளையும் மாற்றாகக் காட்டலாம் என்றது. 2023 மார்ச்சில் இந்தியாவும் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் விதிகளைத் திருத்தி, ஆர்கனாய்டு, சிப் போன்றவற்றுக்கு இடம் கொடுத்தது. இதனால் விலங்குச் சோதனை நாளைக்கே நின்றுவிடாது. நடைமுறையில் ஆர்கனாய்டு இன்று அதிகம் உதவுவது அதற்கும் முந்தைய கட்டத்தில்: ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருபது முப்பது மூலக்கூறுகளில் எவை அண்மைக் குழலைக் குறைவாகக் காயப்படுத்துகின்றன என்று வரிசைப்படுத்தி, மோசமானவற்றை விலங்குக்கும் மனிதருக்கும் போகாமலே கழித்துக்கட்டுவது. அந்த வரிசைக்கு, எல்லா மூலக்கூறுகளும் ஒரே தொகுதி ஆர்கனாய்டுகளில், ஒரே நாளில், சிஸ்பிளாட்டினும் கார்போபிளாட்டினும் பக்கத்தில் இருக்க, கடத்தித் தடுப்பான் சேர்த்தும் சேர்க்காமலும் ஓடியிருக்க வேண்டும்.